எங்கள் அருவி நிலத்துக்கு அடியில்

மருதனார்மடத்தில் இருந்து அருவி பார்க்கப் புறப்படுகிறவர்கள் இரவிலேயே வானில் ஏறிவிடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டால் காங்கேசன்துறை வீதியோரம் இந்தக் காட்சியை அடிக்கடி காணலாம். ஆஞ்சநேயர் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, புளிச்சோற்றுப் பொதிகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் அடுக்கி, தூங்கி வழியும் பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு தெற்கே போவார்கள். கண்டியில் இருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் இறம்பொடை வரும். நூறு மீற்றருக்கும் கூடிய உயரத்தில் இருந்து தண்ணீர் விழும் இடம் அது. பக்கத்திலேயே இன்னொரு ஆஞ்சநேயர் கோயில். வானில் இருந்து இறங்கும் பிள்ளைகள் கழுத்தை நிமிர்த்தி, வாய் பிளந்து நிற்பார்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டில் பிறந்த பிள்ளைகள் அவர்கள்.

திரும்பி வரும் வழியில் எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும்: "எங்கட ஊரில ஏன் இப்பிடி ஒண்டும் இல்லை?"

"எங்கட ஊர் தட்டைப் பூமி, அதனாலதான்" என்று நாமும் சொல்லி முடித்துவிடுகிறோம். பாதிதான் சரியான பதில். விழுவதற்கு மலை இல்லாததால் இங்கே தண்ணீர் நிலத்துக்குள் விழுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல். பல இலட்சம் ஆண்டுகளாக மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்துத் துளைகளும் வெடிப்புகளும் குகைகளும் ஆக்கிவைத்திருக்கிறது. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை பெய்கிற மாரி மழையில் ஒரு பங்கு செம்பாட்டு மண்ணைக் கடந்து இந்தத் துளைகளுக்குள் இறங்குகிறது. அங்கே கடலில் இருந்து ஊடுருவி வந்த உவர்நீர் கிடக்கிறது. நன்னீர் அதைவிட இலேசானது என்பதால் அதற்கு மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. நாம் கிணற்றில் அள்ளுவது அந்த வில்லையில் இருந்துதான்.

மருதனார்மடத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைக் கூட்டிப் பாருங்கள்: இணுவில், உடுவில், கோண்டாவில், கொக்குவில். வில் என்றால் குளம் என்று ஊர்ப்பெயர் ஆராய்ந்தவர்கள் சொல்வார்கள். ஆறில்லாத மண்ணில் குடியேறிய எங்கள் முன்னோர் தண்ணீர் தங்குகிற இடத்தைத்தான் ஊரின் பெயராக்கியிருக்கிறார்கள்.

மூன்று நீர்கள்

மருதனார்மடத்தில் இருந்து வடக்கே பத்துக் கிலோமீற்றர் அளவில் கீரிமலை. உள்நாட்டில் நிலத்துக்குள் இறங்கிய மழைநீர் கடற்கரைப் பாறையின் வெடிப்புகள் வழியே அங்கே வெளியே வருகிறது. ஒரு சுவருக்கு அப்பால் பாக்கு நீரிணையின் அலை அடிக்க, இப்பால் கேணியில் நன்னீர் ஊறிக்கொண்டிருக்கும். ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்குத் தனியே ஒரு கேணி. அருகில் நகுலேஸ்வரம். கீரிமுகம் கொண்ட முனிவருக்கும் குதிரைமுகம் கொண்ட அரசகுமாரிக்கும் இந்த நீர் பழைய முகத்தைத் திருப்பிக் கொடுத்ததாக ஐதீகம். மாவிட்டபுரம் என்ற ஊரின் பெயரே அந்தக் குதிரைமுகக் கதையைச் சுமந்து நிற்கிறது. ஆடி அமாவாசையன்று அங்கே நின்று பார்த்தால், தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்துவிட்டுக் கேணியில் மூழ்கி எழும் ஆயிரக்கணக்கான பேரைக் காணலாம். 1990இல் அந்தப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்த நீர் இது. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை கீரிமலையைக் கதையாக மட்டுமே கேட்டு வளர்ந்தது.

கிழக்கே புத்தூர்ப் பக்கம் நிலாவரை. வற்றாத கிணறு, ஆழம் காணாத கிணறு என்று ஊர் சொல்லும். சீதையின் தாகம் தீர்க்க இராமன் அம்பு எய்த இடம் என்பது கதை. நிலவியலும் ஏறக்குறைய அதே அளவு வியப்பான ஒன்றைச் சொல்கிறது. நிலத்தடிக் குகை ஒன்றின் கூரை இடிந்து விழுந்து, உள்ளே இருந்த நீர் வானத்தைப் பார்த்த இடம் அது. மேற்பரப்பில் நன்னீர், ஆழத்தில் உவர்நீர். எங்கள் நிலத்தடி நீரின் அமைப்பு முழுவதையும் ஒரு பிள்ளைக்கு ஒரே பார்வையில் விளக்க வேண்டும் என்றால் இதைவிட நல்ல இடம் குடாநாட்டில் இல்லை. ஆனால் அங்கே வந்து இறங்குகிறவர்கள் ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்து, ஒரு செல்ஃபி எடுத்து, ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எதைப் பார்த்தோம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாவது வழுக்கையாறு. குடாநாட்டுக்கு ஆறு என்று சொல்லிக்கொள்ள இருப்பது இது ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்தில் சேரும் மழைநீர் குளம் குளமாக நிரம்பி, கந்தரோடையைத் தொட்டு, வயல்வெளிகள் ஊடாகத் தெற்கே இறங்கி அராலி, கல்லுண்டாய்ப் பக்கத்தில் கடல்நீரேரியை அடைகிறது. கந்தரோடையில் சிறிதும் பெரிதுமாக நிற்கும் பழைய தூபிகளைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. நூறாண்டுகளுக்கு முன்பு வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அகழ்ந்த இடம் அது. ஆனால் அந்தத் தொல்லூர் ஏன் அங்கே எழுந்தது என்று கேட்டால் கையைக் காட்ட வேண்டியது பக்கத்தில் கிடக்கும் இந்த ஆற்றைத்தான். கோடையில் போனால் ஆடு மேய்கிற பள்ளம். பல இடங்களில் குப்பை கொட்டும் பள்ளமும்கூட. கார்த்திகையில் போனால் கொக்கும் நாரையும் நின்று மீன் பிடிக்கும் நீர்வெளி. யாழ்ப்பாணத்தின் மிக அழகான காட்சிகளில் ஒன்று இது என்பேன். அதைப் பார்க்கவென்று வான் பிடித்துப் போனவர் எவரையும் எனக்குத் தெரியாது.

அருவி இருந்தால் மட்டும் போதுமா?

இந்த மூன்று நீரையும் காட்டிச் சுற்றுலா வளர்க்கலாம் என்று சொல்வது சுலபம். அதற்கு முன் நாம் வான் பிடித்துப் போகிற மலையகத்தையே ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். அருவியின் அடியில் வாழ்கிற மக்களுக்கு அந்த அருவி என்ன கொடுத்திருக்கிறது?

தலவாக்கலைக்கு அருகே சென் கிளேயர் அருவி. அகலத்தால் பெயர்பெற்றது, இலங்கையின் குட்டி நயாகரா என்று பயண நூல்கள் எழுதின. 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியதில் இருந்து அந்த அருவிக்கு வரும் தண்ணீரின் பெரும்பகுதி சுரங்கத்துக்குள் போகிறது. பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு பங்கு தண்ணீர் அளந்து விடப்படுகிறது. வீதியோரத்து விடுதிகளும் காட்சிமேடைகளும் பெருகியிருக்கின்றன. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவரின் லயத்துக்கும் அந்தக் காட்சிமேடைக்கும் இடையில் இருநூறு வருடத் தூரம் அப்படியே கிடக்கிறது.

இன்னொன்று கொஸ்லந்தை. 220 மீற்றர் உயரத்தில் இருந்து விழும் தியலும அதற்கு அருகேதான். அதன் உச்சியில் இருக்கும் இயற்கைத் தடாகங்களில் நீந்த உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே கொஸ்லந்தைப் பிரதேசத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை மண்சரிந்து லயங்களை மூடியது. அந்த மலையின் அழகைப் படம் எடுக்க வழி இருந்தது. அந்த மலைச்சரிவில் குடியிருந்தவர்களுக்குப் பாதுகாப்பான ஒரு துண்டுக் காணி இருக்கவில்லை. அருவிச் சுற்றுலா என்று யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவில் வருவது இதுதான்.

தமிழ்நாட்டில் ஒகேனக்கல்லுக்குப் போனவர்கள் வேறொரு காட்சியைச் சொல்வார்கள். காவிரி பாறைகளுக்கு இடையில் பிளந்து விழும் இடத்தில் பரிசல் ஓட்டுகிறவர்கள், எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவர்கள், பிடித்த மீனை அங்கேயே பொரித்துக் கொடுக்கும் பெண்கள் என்று உழைப்பவர் கைக்கு நேரே காசு வருகிற அருவி அது. ஆனால் கர்நாடகத்தில் மழை கூடி நீர்வரத்து உயர்ந்தவுடன் பரிசலுக்கும் குளிப்புக்கும் தடை விழும். அன்றில் இருந்து அத்தனை அடுப்பும் அணையும். குற்றாலத்திலும் இதே கதைதான். சாரல் நன்றாக இருந்தால் கடைக்காரர் பிழைப்பார், இல்லாவிட்டால் ஏலம் எடுத்த பணமே மிஞ்சாது. ஒற்றை அருவியில் முழு ஊரையும் கட்டிவிட்டால் வெள்ளம் வந்தாலும் பட்டினி, வறட்சி வந்தாலும் பட்டினி.

நான் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள விரும்புவது கேரளத்து அதிரப்பள்ளியை. சாலக்குடி ஆற்றில் எண்பது அடி உயரத்தில் இருந்து விழும் அருவி. அதன் மேற்பகுதியில் 163 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றைக் கட்ட மின்வாரியம் பல பதிற்றாண்டுகளாக முயன்றது. கட்டியிருந்தால் அதிரப்பள்ளியும் சென் கிளேயரைப் போல அளந்து விடும் அருவியாகி இருக்கும். இன்றுவரை கட்டப்படவில்லை. எதிர்த்து நின்றவர்கள் வாழச்சால் காட்டில் வாழும் காடர் பழங்குடி மக்கள், ஆற்றோர உழவர்கள், 2017இல் மறைந்த லதா அனந்தா போன்ற ஆற்று ஆய்வாளர்கள். அந்த அருவியின் நுழைவுச்சீட்டு, துப்புரவு, காவல், காட்டுப் பொருள் விற்பனை ஆகியவற்றில் உள்ளூர் மக்களின் வனக் காப்புச் சமிதிகளுக்குப் பங்கு உண்டு. அருவி ஓடினால் சம்பளம், அருவி நின்றால் சம்பளமும் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்களை விலைக்கு வாங்க முடியாது. சூழல் சுற்றுலா என்ற சொல்லுக்கு ஏதாவது பொருள் உண்டென்றால் அது இதுதான்: தண்ணீரைக் காப்பவர் கையிலேயே வாசற்கதவின் திறப்பும் இருக்க வேண்டும்.

எங்கள் நீரின் குணம்

அதிரப்பள்ளியையும் அப்படியே பெயர்த்து இங்கே நட முடியாது. அருவித் தண்ணீரில் யாராவது சவர்க்காரம் போட்டால் அது ஓடிப்போய்விடும். கீழே இருப்பவருக்குக் கேடு, ஆனால் அடுத்த மழையில் ஆறு தன்னைக் கழுவிக்கொள்ளும். எங்கள் நீர் ஓடிப்போவதில்லை. சுண்ணாம்புக் கல்லின் ஒரு துளையில் ஊற்றியது இன்னொருவர் கிணற்றில் வந்து நிற்கும், வருடக்கணக்கில் நிற்கும்.

இதற்கு நாம் கொடுத்த விலை பெரியது. சுன்னாகம் மருதனார்மடத்தின் பக்கத்து ஊர். அங்கே மின் உற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த செய்தி இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். வாளியை இறக்கினால் எண்ணெய் மணம். தலைமுறை தலைமுறையாகக் குடித்த கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டு, தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்று படலையில் காத்து நின்றார்கள் மக்கள். வழக்கு கொழும்புக்குப் போய், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குத் தீர்ப்பளித்தது. நட்டஈடு வரலாம். கிணற்றின் மேலிருந்த நம்பிக்கை எப்போது வரும்?

எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்த கேடு. தெரியாத கேடு நைத்திரேற்று. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலிகாமத்தின் பல கிணறுகளில் அந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் நாம் அள்ளிப்போட்ட யூரியா ஒரு காரணம். அடி பூசாத மலசலகூடக் குழிகள் இன்னொரு காரணம். கைக்குழந்தைகளுக்குத்தான் இது முதலில் கேடு செய்யும்.

இனி இதே நிலத்தில் ஐம்பது அறை ஹோட்டல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நாள் முழுவதும் மோட்டர் இறைக்கும். நன்னீர் வில்லையின் கணக்கு கடுமையானது: நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியில் கிடக்கும் உவர்நீர் ஏறக்குறைய நாற்பது அடி மேலே எழக்கூடும். மேலே இருந்து இறைப்பு, கீழே இருந்து உப்பு, பக்கத்தில் இருந்து கழிவுக்குழி. நிலாவரையைப் பார்க்க வந்தவர்களே நிலாவரையைக் கெடுத்துவிட்டுப் போவார்கள். ஆகவே யாழ்ப்பாணத்தில் நீரைக் காட்டும் சுற்றுலா நடந்தால் அது சிறியதாகத்தான் நடக்க வேண்டும். பெரிய கட்டடம் கூடாது என்று நான் சொல்வது அழகுக்காக அல்ல, இந்தக் கல்லின் குணத்துக்காக.

மடத்தை மறுபடி திறப்போம்

மருதனார்மடம் என்ற பெயரிலேயே மடம் இருக்கிறது. மடம் என்றால் வழிப்போக்கர் இளைப்பாறி, தண்ணீர் குடித்து, தலைசாய்த்துப் போகும் இடம். யாழ்ப்பாணத்து வீதிகளில் மடமும் ஆவுரோஞ்சிக் கல்லும் சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும் வைத்தவர்கள் சுற்றுலா என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். வழியில் வருகிறவரை எப்படி நடத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வருகிறவர்கள் மறுபடி வரத் தொடங்கிவிட்டார்கள். 2015இல் ரயில் காங்கேசன்துறை வரை ஓடத் தொடங்கியது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. அந்தக் கப்பலில் இறங்கி வீதி வழியே யாழ்ப்பாணம் போகிறவர் தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் கடந்து மருதனார்மடம் சந்தியைத் தாண்டித்தான் போகிறார். இப்போது அவர் நிற்பதில்லை. நிற்பதற்கு நாம் ஒரு காரணமும் கொடுக்கவில்லை.

கொடுக்க நிறைய இருக்கிறது. விடியற்காலையில் மருதனார்மடம் சந்தையைப் பார்த்திருக்கிறீர்களா? ஏழாலை, குப்பிழான், உரும்பிராய்ச் செம்பாட்டுத் தோட்டங்களில் இருந்து கத்தரியும் பயற்றங்காயும் வாழைக்குலையும் சின்ன வெங்காயமும் சைக்கிளிலும் லான்ட்மாஸ்டரிலும் வந்து குவியும். நிலத்தடி நீர் காயாகவும் கனியாகவும் மாறி நிற்கும் இடம் அது. சந்தையில் தொடங்கி, தோட்டக் கிணற்றடியில் துலா எப்படி ஏறி இறங்கியது என்று கேட்டு, கந்தரோடையில் வழுக்கையாற்றைப் பார்த்து, நிலாவரையில் எட்டிப் பார்த்து, மாலையில் கீரிமலையில் முழுகி எழுந்தால் ஒரு துளி மழைநீர் போகிற வழியை ஒரே நாளில் நடந்து பார்த்ததாக இருக்கும். இரவுக்கு ஓர் ஒடியல் கூழ். மருதனார்மடத்திலேயே இராமநாதன் நுண்கலைப் பீடம் இருக்கிறது. பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய பெண்கள் கல்லூரி வளவில் வேர்கொண்ட இசைக் கல்வி அது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு மேடை, வருகிறவருக்கு ஓர் இசை மாலை.

தங்குவதற்கு ஹோட்டல் வேண்டாம், வீடுகள் இருக்கின்றன. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, ஐந்து அறை வீட்டில் தனியே விளக்கேற்றிக்கொண்டிருக்கும் தாய் தகப்பன்மார் எத்தனை பேர்! ஒரு வீட்டுக்கு இரண்டு அறை, அதற்கு மேல் வேண்டாம். அடி பூசிய கழிவுத் தொட்டி இல்லாத வீட்டுக்கு அனுமதி கிடையாது என்று முதல் நாளே சட்டம் போட வேண்டும். சமையலுக்குரிய மரக்கறி மருதனார்மடம் சந்தையில் இருந்தே வர வேண்டும். குமரகத்தில் இப்படித்தான் தொடங்கினார்கள். 2008இல் அந்தக் கேரளத்து ஏரிக்கரைக் கிராமத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் காய்கறி பயிரிட்டு விடுதிகளுக்குக் கொடுத்தன. அங்கே சாதித்தது இங்கேயும் முடியும். பயிரிடத் தெரியாத ஊரா இது?

தடை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. மருதனார்மடம் வலிகாமம் தெற்குப் பிரதேச சபைக்கு உரியது. கீரிமலை வலிகாமம் வடக்கு. நிலாவரை வலிகாமம் கிழக்கு. வழுக்கையாறு கடலைச் சேரும் முன் இன்னும் இரண்டு சபைகளின் எல்லைக்குள் போகிறது. நிலத்தின் மேல் ஐந்து சபைகள், நிலத்தின் கீழ் ஒரே நீர். மேலே ஒரு சபை ஆற்றைத் துப்புரவாக்க, கீழே இன்னொரு சபையின் குப்பை அதில் விழுந்தால் எந்தத் திட்டமும் நிற்காது. ஐந்து சபைகளும் ஒன்றாக இருந்து ஒரு நீர்க்குழு அமைக்க வேண்டும். நுழைவுச்சீட்டுப் பணம் அந்தக் குழுவுக்குப் போக வேண்டும். அதில் முதல் பங்கு கிணற்று நீரைப் பரிசோதிக்கவும் ஆற்றைத் தூர்வாரவும் ஒதுக்கப்பட வேண்டும். வழிகாட்டிகளாக வெளியார் வேண்டாம். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

இவற்றில் கொழும்பின் கையெழுத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை உண்டு. வழுக்கையாற்றின் பள்ளங்களில் கிடக்கும் பொலித்தீனையும் உடைந்த கண்ணாடியையும் புரட்டாதிக்குள் அள்ளிவிட வேண்டும். ஊருக்கு ஒரு சனசமூக நிலையம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பத்து மண்வெட்டியும் போதும். ஐப்பசி பிறந்துவிட்டால் மழை கேட்டுக்கொண்டு நிற்காது. கிடப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டு எங்கள் கிணறுகளுக்குள் இறங்கிவிடும். மருதனார்மடத்தாரும் கந்தரோடையாரும் சங்குவேலியாரும் முதல் ஞாயிறைக் குறித்துச் சொல்லுங்கள். நான் மண்வெட்டியோடு வருகிறேன்.